குறை சொல்லாத கருவி

நம் ஆசாமி சாதித்துவிட்டார் என்று ஒரு வதந்தி. இலவச மென்பொருள்காரர்களின் இணைய அரட்டையில் பிறந்து, அலுவலக லிஃப்டில் வளர்ந்து, கடைசியில் அவர் மனைவியின் காதுக்கே வந்து சேர்ந்தது. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை, இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட்டிவிட்டாராம். அதுவும் ஒரு பிழைகூட வராமல்! விடலாமா? வாருங்கள், சரிபார்த்துவிடுவோம்.

முதலில் அவருடைய இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 'தெரிஞ்சதுதான்' இனம். நீங்கள் எந்தக் குறையைச் சொன்னாலும் இவர்கள் மறுக்க மாட்டார்கள், கோபப்பட மாட்டார்கள், சரிசெய்யவும் மாட்டார்கள்.

"ஏங்க, பால்கனிக் கதவு சாத்தவே மாட்டேங்குது."

"அது தெரிஞ்சதுதான்மா."

"எனக்கும்தான் தெரியும். யாரு சரி பண்றது?"

"அதுவும் தெரிஞ்சதுதான்."

அவ்வளவுதான். கதவு திறந்தே கிடக்கும்.

அந்தக் கருவியின் தொழிலே கோள் சொல்வது. ஒரு ப்ரோக்ராம் நினைவகத்தில் இடம் வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் போனாலும், தனக்கு ஒதுக்காத இடத்தில் கை வைத்தாலும், "இதோ, இந்த வரியில்" என்று போட்டுக் கொடுத்துவிடும். புது சிஸ்டத்துக்குக் குடியேற்றியதும், பாவம், அந்த வீட்டு வழக்கம் தெரியாமல், ஒன்றுமே செய்யாத வெற்று ப்ரோக்ராமைப் பார்த்துக்கூட ஐயோ குய்யோ என்று அலறியது. வழக்கங்களை ஒவ்வொன்றாக அதற்குக் கற்றுத்தர வேண்டும். நம்மவரும் கற்றுத்தரத்தான் உட்கார்ந்தார். விடுமுறைகளைத் தின்றார், மாமனார் வீட்டு விசேஷங்களுக்கு டிமிக்கி கொடுத்தார், கழுத்து வலியைச் சம்பாதித்தார். அப்போது கருவியிலேயே இருந்த ஒரு வசதி கண்ணில் பட்டது. பொய்ப் புகார் என்று உறுதியானால், 'இதை மட்டும் சொல்லாதே' என்று அதற்கு வாய்ப்பூட்டு போடலாம். ஒன்று போட்டார். பத்து போட்டார். அலுத்துப்போய், சிஸ்டத்தின் அடிப்படை லைப்ரரி என்ற பொது வாசல் வழியாக வரும் எந்தப் புகாரையும் சொல்லாதே என்று ஒரே பெரிய பூட்டாகப் போட்டுவிட்டார். எந்த ப்ரோக்ராம் இடம் கேட்டாலும் அந்த வாசல் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? அது அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சதுதான்!

மனைவியின் தம்பி சொந்தமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அவன் எழுதிய ப்ரோக்ராம் நடுநடுவே செத்து விழுந்தது. மறுநாள் அந்தக் கூடத்தின் முதலாளியம்மாவுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"மாமா, உங்க கருவியில போட்டுப் பாத்துடலாமா?"

பார்த்தார்கள். திரையில் பூஜ்யம் பளபளத்தது.

"ஒரு தப்பும் இல்லடா. தைரியமாப் போ."

தைரியமாகப் போனான். முதல் நோயாளியின் ரிசல்ட் பாதி அச்சானபோதே ப்ரோக்ராம் கண்ணை மூடியது.

திரும்பி வந்தவன் நேராகக் கணினி முன்னால் உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பு செய்யும் குட்டி ப்ரோக்ராம் ஒன்றை எழுதிக் கருவியிடம் கொடுத்தான். பூஜ்யம்.

"மாமா, இவன் திருடன். நானே பெத்த திருடன். இவனையும் உத்தமன்னு சொல்லுது உங்க கருவி!"

"அது தெரி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விழுங்கிக்கொண்டார். உள்ளறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆக, வதந்தியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கருவி ஓடுகிறது. பிழையே வருவதில்லை.

பெரிய பூட்டைக் கழற்றினார்கள். அலறல்களுக்கு நடுவே தம்பியின் அசல் தப்பும் கிடைத்தது, அன்றே திருத்திவிட்டான். ஆனால் முதலாளியம்மா நம்ப வேண்டுமே?

"நான் சொன்னா சாக்குன்னு நினைப்பாங்க மாமா. சோதிச்சுப் பாத்தது நீங்க, கோட்டை விட்டது உங்க கருவின்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"பேசிடறேன்டா."

சிரிக்கிறீர்கள், நல்லது. உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வீட்டிலோ அலுவலகத்திலோ கொஞ்ச காலமாக யாரும் உங்களிடம் குறையே சொல்வதில்லையா? எல்லாம் அமைதியாக ஓடுகிறதா? அப்படியானால் கொஞ்சம் பயப்படுங்கள்.

முதலாளியம்மா இன்னும் வேறு ஆளை வைக்கவில்லை. தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். நம்மவரும் செல்போனை எடுக்கத்தான் செய்கிறார். அந்த அம்மாவின் நம்பரை உற்றுப் பார்க்கிறார். பிறகு பத்திரமாகச் சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறார்.