பூச்சியம்மாவும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும்

தண்ணீரில் பூச்சி இருந்தால் அது அழுக்குத் தண்ணீர். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் சத்தியமாக நம்பியது இதைத்தான். அந்த நம்பிக்கையில் ஒரு பள்ளத்தையே காலி செய்துபோட்டேன். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. துடியலூருக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கி, என் லேத் பட்டறைக்குப் பின்னால் ஓடுகிறது.

எங்கள் தெருப் பூச்சியம்மாவைப் போல மரியாதை தெரிந்த மனுஷி கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. காலேஜில் விலங்கியல் நடத்தியவர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்குவார். கல்லைப் புரட்டுவார். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் புழுவிடம் பேசுவார்: "ஏனுங்க, சித்த நகருங்க. பின்னாடி ஒருத்தர் நசுங்கறாருங்க."

ஒரு தடவை தெருவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அவரையும் கூட்டிப் போனார்கள். குடும்பம் எப்படி என்று கேட்டதற்கு, "நல்ல தண்ணியில இருக்கற அயிரை மீன் இருந்தா தைரியமாக் குடுக்கலாமுங்க. அவங்க வாய்க்கால்ல ஜிலேபி மீன் மட்டுந்தான். அது சாக்கடையிலயும் குடித்தனம் நடத்துமுங்க" என்றார். சம்பந்தம் நின்றது. அப்புறம் அவரை யாரும் எங்கும் கூட்டிப் போவதில்லை.

தண்ணீரில் எது குடியிருக்கிறது என்று பார்த்தால் அதன் குணம் தெரியும் என்று நூறு தடவை தெருவுக்குச் சொல்லியிருப்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் மனு எழுதினார். என் பட்டறை எண்ணெய் பள்ளத்தில் கலக்கிறதாம், இழுத்து மூட வேண்டுமாம். பூச்சியம்மா பார்த்துச் சொல்லட்டும், அதுதான் தீர்ப்பு என்று தெரு முடிவு செய்தது. பட்டறையை நம்பி எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு பூச்சி மிஞ்சக் கூடாது என்று சனிக்கிழமையே ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பட்டறைச் சுவரிலிருந்து பாலம் வரைக்கும் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன்.

"ஏனுங்க, பள்ளத்துக்கு எதுக்குங்க பவுடரு?" என்றாள் மனைவி.

"விருந்தாளி வந்தா ஊட்டைக் கழுவறதில்லையா? அது மாதிரிதான்."

பத்து மணிக்குத் தெருவே கரையில் நின்றது. பூச்சியம்மா முதலில் பட்டறைக்கு மேல்புறம், தண்ணீர் வருகிற பக்கம் வலை போட்டார். தட்டு முழுக்க நெளிசல். எனக்கு உள்ளுக்குள் குஷி. பிறகு பட்டறையைத் தாண்டிக் கீழ்ப்புறம் போட்டார். ஒன்றும் அசையவில்லை.

"பாருங்க அம்மணி, ஒரு பூச்சி இல்லை! கண்ணாடியாட்டம் இருக்குது!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப மூடிர வேண்டியதுதானுங்க," என்றார் தாசில்தார். "பூச்சியே பொழைக்க முடியாத தண்ணியாச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாந்தானுங்க… காலையில… பவுடர்…" மீதியைக் கரையே மூக்கால் உறிஞ்சிப் புரிந்துகொண்டது.

"அறிவிருக்குதா உனக்கு?" என்றார் பூச்சியம்மா. புழுவுக்கே 'ங்க' போட்டவர்.

மறுபடி தண்ணீரில் இறங்கினார். ஒரு மணி நேரம் கல் கல்லாகப் புரட்டி, அடியில் செத்து ஒட்டியிருந்தவற்றை இடுக்கியால் எடுத்து ஈரக் கைக்குட்டையில் வரிசையாக வைத்தார்.

"மூணு வாலு இருக்குது பாருங்க. நல்ல தண்ணியில மட்டுந்தான் இவங்க இருப்பாங்க. இத்தனை பெருசாக மாசக்கணக்காகும். பட்டறைத் தண்ணி கெட்டதுன்னா எப்பவோ போயிருப்பாங்க. செத்தது இன்னைக்குக் காலையிலதான்."

பிறகு ஒரு தாளில் எழுதித் தாசில்தாரிடம் நீட்டினார். அவர் உரக்கப் படித்தார்: "பட்டறையால் கேடு இல்லை. பட்டறைக்காரரால் உண்டு."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. தாசில்தார்கூடச் சிரித்தபடி மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூச்சியம்மாவும் சிரிக்கவில்லை, அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறை மூடப்படவில்லை. மழைக்குப் பிறகு மேலேயிருந்து புதுப் பூச்சிகள் மிதந்து வந்து குடியேறின. அதைச் சொல்வதற்கென்றே பூச்சியம்மா ஈரக்காலோடு பட்டறைக்கு வந்தார்.