யாழினியைக் காப்பாற்றப் போன கதை

எனக்கு நீச்சல் தெரியாது. இந்த ஒரு வரியை என் குடும்பத்தாரிடம் சொல்ல எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவும் நானாகச் சொல்லவில்லை, பசிபிக் பெருங்கடல் சொல்ல வைத்தது.

பரமத்தி வேலூர்க்காரன் நான். காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? என் மகள் யாழினியைத் தூங்க வைக்கச் சொன்ன கதைகளில் காவிரியை வாரம் இருமுறை நீந்திக் கடந்திருக்கிறேன். (உண்மையில் படித்துறையில் உட்கார்ந்து நண்பர்களின் சட்டைகளுக்குக் காவல் இருந்தேன். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.)

யாழினி வளர்ந்தாள். அமெரிக்காவில் நாங்கள் குடியேறிய பேர்லேண்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கும் கால்வெஸ்டன் கடற்கரையில் இரண்டு கோடைகள் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டாள். நான்தான் கூட்டிப்போவேன், மீட்டிங் இருப்பதாகச் சொல்லிக் காரைவிட்டு இறங்கவே மாட்டேன். அவள் கல்லூரிக்குக் கிளம்பும் முன் மூன்று பேருமாக ஹவாய் போனோம். அங்கே செங்குத்துப் பாறைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு கடற்கரையை அவள் தேடி வைத்திருந்தாள்.

"அப்பா, நீங்களும் வாங்க. யூ லவ் வாட்டர், ரைட்?"

"பின்ன? காவேரிக்காரன்டா நான்!"

இறங்கும் பாதை என்பது மரவேரில் கட்டிய ஒரு கயிறு. சிவப்புச் சேற்றில் முதல் அடி வைத்தேன். மீதித் தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தேன். என் மனைவி கவிதா புளியோதரை டப்பாவோடு நிதானமாக இறங்கி வந்தாள். சறுக்குப் பலகையோடு வெறுங்காலில் போன ஒரு நரைத்தாடிக்காரர், "யூ ஓகே, அங்கிள்?" என்றார். (அந்த ஊரிலும் பெரியவர்களை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.)

கீழே வந்ததும் பேன்ட் சேற்றைத் துடைக்கவே மறந்துபோனேன். மூன்று பக்கமும் பச்சை படர்ந்த பாறைச் சுவர், எதிரே அத்தனை நீலம். யாழினி பலகையோடு உள்ளே போய் ஓர் அலையின் மேல் எழுந்து நின்றாள். கவிதா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏங்க, இது நம்ம பொண்ணா?"

அடுத்த அலையில் அவள் விழுந்தாள். பலகை மட்டும் மேலே வந்தது.

மூன்று வரை எண்ணினேன். ஆளைக் காணோம். அதன்பின் யோசித்ததாக நினைவில்லை. பேன்ட், ஷூ, வாடகைக் காரின் சாவி எல்லாவற்றோடும் "யாழினீ!" என்று அலறிக்கொண்டு கடலுக்குள் ஓடினேன். ஓர் அலை குப்புறத் தள்ளியது. இன்னொன்று புரட்டிப் போட்டது. கதை முடிந்தது என்று கைகாலை உதறிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள்.

"அப்பா! ஸ்டாண்ட் அப்! ஜஸ்ட் ஸ்டாண்ட் அப்!"

நின்றேன். தண்ணீர் முழங்கால் வரை இருந்தது.

கரையில் நரைத்தாடிக்காரர் கைதட்டினார். கவிதா மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாழினி மட்டும் சிரிக்கவில்லை.

"யூ கான்ட் ஸ்விம்."

"தெரியாதும்மா."

"நான் போர்டுக்குப் பின்னாடிதான்ப்பா இருந்தேன். தென் ஒய் டிட் யூ கம் இன்?"

"நீ மேல வரலையேம்மா."

அவள் உப்பும் மணலுமாக என்னைக் கட்டிக்கொண்டாள்.

கார் சாவி தண்ணீர் குடித்து உயிரை விட்டிருந்தது. நரைத்தாடிக்காரரின் பிக்கப் வண்டியில், பலகைகளோடு பலகையாக விடுதி திரும்பினேன். புளியோதரை முழுவதையும் அவரே சாப்பிட்டார்.

இன்றைக்கும் ஆபீஸில் ஆட்குறைப்பு என்றோ, ரத்தத்தில் சர்க்கரை என்றோ நான் பதறினால் கவிதா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "முழங்கால் தண்ணிதாங்க" என்பாள்.

ஆகஸ்டில் யாழினியைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, பார்க்கிங்கில் ஸ்டியரிங் மேல் தலை கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்திருந்தாள்.

"அப்பா, ஸ்டாண்ட் அப்."

இறங்கி நின்றேன். இந்தத் தடவை கொஞ்சம் ஆழமாகத்தான் இருந்தது.