பேய்க்கே ராகிங் சட்டம் சொன்னவர்

தாம்பரத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் பேய் இருக்கும் அறையின் வாசலில் போய் நின்று, நீங்கள் செய்வது ராகிங், சட்டப்படி குற்றம் என்று கண்டித்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நான் சோறு போட்டிருக்கிறேன் குழந்தைகளே. அதனால் இது கட்டுக்கதை இல்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி, மரங்களுக்கு நடுவே இருக்கிற பழைய இரண்டு மாடிக் கட்டடம். அங்கே வார்டன் பெயருக்குத்தான். மற்றதெல்லாம் பையன்களே நடத்திக்கொள்வார்கள். அவர்களே தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களே சட்டம் போடுவார்கள், மீறினால் அவர்களே தண்டனையும் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸிலேயே பொதுக்கூட்டம். ஓட்டுப் போடுவதற்குச் சீட்டு கிடையாது. தண்ணீர் குடித்த டம்ளரை நிமிர்த்தி வைத்தால் ஒரு பக்கம், கவிழ்த்து வைத்தால் எதிர்ப்பக்கம். பாதிப் பேருக்கு மேல் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். அதற்குக் கோரம் என்று பெயர்.

அந்த வருஷத் தலைவர்தான் பாயிண்ட் அண்ணா. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் நோட்டீஸ் போர்டில் மட்டும் இருந்தது. வாயைத் திறந்தாலே "ஒரு பாயிண்ட்" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அந்தப் பெயர். ஆள் ஒல்லி, உயரம். நடந்தால் சத்தமே வராது. நான் சாம்பார் வாளியோடு திரும்புவேன், காதுக்குப் பின்னால் மெதுவாக "ஒரு பாயிண்ட்" என்று கேட்கும். இரண்டு தடவை வாளியைக் கீழே போட்டிருக்கிறேன்.

அவருக்குச் சட்டம் என்றால் அப்படி ஒரு வெறி. ஒருநாள் தாமதமாக வந்ததற்குத் தனக்குத் தானே தண்டனை விதித்து வராந்தா முழுக்கப் பெருக்கினார். இன்னொரு நாள் ஜன்னல் வழியாக ஒரு காக்கை வந்து மேஜையில் உட்கார்ந்தது. வெளியாட்கள் மெஸ்ஸில் சாப்பிட அனுமதி இல்லை என்று அதனிடம் அமைதியாக எடுத்துச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். ஆனால் காக்கை அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேல் மாடியில் கடைசி அறை, சிக் ரூம். காய்ச்சல் வந்த பையன்களைத் தனியே வைப்பதற்காக அந்தக் காலத்தில் குளியலறையோடு சேர்த்துக் கட்டியது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வராந்தாப் பக்கக் கதவில் துருப்பிடித்த பூட்டு. பின்பக்கக் கதவு சருகு மூடிக் கிடக்கும் பின்படியில் திறக்கும். அங்கே முன்னே யாரோ செத்துப்போனதாகப் பேச்சு உண்டு. யார், எப்போது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம். அந்த அறைக்குள் ஃபேன் சுற்றுகிறது என்று ஒரு பையன் சொன்னான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது என்றான் இன்னொருவன். சாயங்கால மழை இருட்டில் பின்படியில் தலையை மூடிக்கொண்டு ஒரு உருவம் ஏறிப் போனதை முதலாண்டுப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துக்கொண்டான். மெஸ் செயலாளர் அருண் பொழிச்சலூர்க்காரன், எதற்கும் அசையாதவன். அவனே என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணா, மேல எவனோ கீறான்ணா. வெளியே பூட்டு தொங்கிகினு கீது, உள்ளே இருமுற சத்தம் கேக்குது."

போனில் பதிவு செய்து போட்டும் காட்டினான். ஃபேன் சத்தம், நடுவே ஒரு இருமல், அப்புறம் யாரோ நீளமாக மூச்சு விடுவது.

பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் இளங்கோ, சிக் ரூமுக்குப் பக்கத்து அறைப் பையன். திருவண்ணாமலைப் பக்கம், அதிகம் பேசமாட்டான். இன்னொருவர் பாயிண்ட் அண்ணா.

பையன்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அறையைத் திறந்தாக வேண்டும் என்றார்கள். பொதுக்கூட்டத்தின் அனுமதி இல்லாமல் சிக் ரூமைத் திறக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பேய் இருக்கிறதா இல்லையா, அதையாவது சொல்லுங்கள் என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது தலைவரின் அதிகாரத்தில் வராது என்றார். பிறகு, எச்சரிக்கை கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். பையன்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நான் வரிசையில் கடைசி.

அவர் பூட்டிய கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு பாயிண்ட். உள்ள இருக்கறவங்களுக்கு. ஜூனியர் பசங்கள பயமுறுத்தறது ராகிங். சத்தம் வெளிய கேக்கக் கூடாது. பசங்க ஹாஸ்டல்ல இருக்கற நேரத்துல ஃபேன் வேணாம்."

உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது.

அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு கூசும். பேய் இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பேய் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது என்றால் எப்படித் தாங்குவது? அந்த வெள்ளிக்கிழமையே பாதி ஹாஸ்டல் பையைத் தூக்கிக்கொண்டு எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் பயப்படுகிற முறை எனக்கும் வந்தது. பாயிண்ட் அண்ணா சமையலறைக்கு வந்து, இனிமேல் தனக்கு மெஸ்ஸில் சாப்பாடு வேண்டாம், தன் தட்டைப் பின்படி ஏறி சிக் ரூம் வாசலில் வைத்துவிடச் சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டுமாம். படையல் என்றே நினைத்துக்கொண்டேன். வாயில் முருகன் பெயரோடு ஏறுவேன், தட்டை வைப்பேன், ஒரே ஓட்டமாக இறங்குவேன். மறுபடி போகும்போது அதே இடத்தில் தட்டு காலியாக, பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருக்கும். இத்தனை வருஷ மெஸ் வேலையில் தட்டைக் கழுவி வைத்த ஒரு பையனை நான் பார்த்ததில்லை. அதனாலேயே அது மனித ஜாதி இல்லை என்று முடிவு கட்டினேன்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பாயிண்ட் அண்ணா மேஜையின் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமையானால் பையன்கள் வீட்டுக்கு ஓடிவிடுவதால் நாலைந்து டம்ளர்தான் இருக்கும். கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு எழுந்து போவார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அது எனக்குப் புரியவில்லை.

விஷயம் வார்டன் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பையன்களே இதற்கு ஒரு முடிவு கட்டாவிட்டால் மேல் மாடியை மூடிவிட்டு, ஹாஸ்டலைத் தானே நடத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு நாள் தாங்களே ஆண்ட இடம் கைவிட்டுப் போகிறதே என்று பையன்கள் கொதித்தார்கள். பாயிண்ட் தலைவராக இருக்கும்வரை அந்தக் கதவு திறக்காது, அவரை இறக்க வேண்டும் என்று அருண் ஆள் சேர்த்தான்.

அந்த வாரம்தான் பெருமழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுபோனது. ஒருவராலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஞாயிறு மதியம் மெஸ் நிரம்பி வழிந்தது. கரண்ட் இல்லை. பகலிலேயே இருட்டு. போன் வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தன. பாயிண்ட் அண்ணா தலைகளை எண்ணினார். திருப்பி ஒரு தடவை எண்ணினார்.

"கோரம் இருக்கு," என்றார்.

தலைவரை நீக்க வேண்டும், அறையைத் திறக்க வேண்டும் என்று அருண் எழுந்து சொன்னான். பாயிண்ட் அண்ணா பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். கூட்டம் முழுக்கப் பின்னால் போனது. கதவுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, கூட்டம் கூடிடுச்சு. திறக்கறேன்."

பேயை அம்மா என்று கூப்பிட்டதும் எனக்கு முன்னால் நின்ற பையன் என் காலைப் பலமாக மிதித்தான். பூட்டு கிறீச்சிட்டுத் திறந்தது. உள்ளே பெருக்கித் துடைத்த தரை. வாசற்படியை ஒட்டி உள்பக்கம் ஒரு சின்னக் கோலம், ஒரு காலடிகூடப் படாமல். அதற்கு அப்பால் இருட்டில் தலையைப் புடவையால் மூடிய ஓர் உருவம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

"வாங்கப்பா," என்றது உருவம். "கோலத்த மிதிச்சிடாதீங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இளங்கோ உள்ளே ஓடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அது அவன் அம்மா.

கீழே வந்ததும் பாயிண்ட் அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாவுக்குப் பெரிய வியாதி. பல வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டிய வைத்தியம். தங்க இடமில்லாமல் இளங்கோ இவரிடம் அழுதிருக்கிறான். இவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மாணவர் அறையில் வெளியாள் தங்கக் கூடாது. சரி, சிக் ரூம் மாணவர் அறை இல்லை. அது உடம்பு சரியில்லாதவருக்கு. மாணவருக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. தலைவர் கொடுக்கும் அனுமதி அடுத்த பொதுக்கூட்டம் வரை செல்லும். கூட்டம் கூடவே கூடாது, அவ்வளவுதான். பயம் பையன்களை வீட்டுக்கு அனுப்பியது. இவர் அந்தப் பயத்தை அப்படியே விட்டுவைத்தார்.

வைத்தியத்தில் இன்னும் சில நாள் பாக்கி இருந்தது. கூட்டம் கூடிவிட்டதால் பழைய அனுமதி முடிந்துவிட்டது, இவர் தலைவராக நீடித்தால்தான் புதிதாகக் கொடுக்க முடியும். இவரை நீக்கினால் அந்த அம்மா அந்த மழையிலேயே வெளியேற வேண்டும். இளங்கோவுக்கும் ஹாஸ்டலில் இடம் போகும்.

அருண் முகம் சுருங்கிப்போய்க் கேட்டான். "எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க இன்னா வேணாம்னா சொல்லியிருப்போம்?"

"தெரியல அருண். ஓட்டுன்னு வந்தா எந்தப் பக்கமும் விழும். அவங்க உடம்ப வெச்சு ஓட்டெடுக்க எனக்கு மனசு வரல." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் இருக்கலாம்னா நிமித்தி வைங்க. வேணாம்னா கவுத்து வைங்க."

வெளியே மழை கொட்டியது. இருட்டில் டம்ளர்கள் ஒவ்வொன்றாக மேஜையில் பட்டுச் சத்தமிட்டன. இளங்கோ கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அருண் போன் வெளிச்சத்தை மேஜை நெடுக மெதுவாக அடித்துக்கொண்டே போனான். நிமிர்ந்தது, நிமிர்ந்தது, எல்லாம் நிமிர்ந்தது. தலைமாட்டில் மட்டும் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"இன்னாண்ணா, உனக்கு நீயே எதிரா போட்டுக்கினு கீறே?"

"மறைச்சது தப்பு," என்றார் பாயிண்ட் அண்ணா. "அதுக்கு ஒரு ஓட்டாவது விழணும்ல."

அந்த அம்மாவுக்கு மெஸ்ஸிலிருந்தே தனியாக ஒரு தட்டு என்று பையன்கள் அங்கேயே முடிவு செய்தார்கள். கொண்டு போகவும் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். பாயிண்ட் அண்ணா தன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். இத்தனை வாரமும் டீக்கடை பன்னிலேயே ஓட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரசம் சாதத்தில் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தொளதொளத்த காலருக்குள் கழுத்து குச்சியாக நின்றது. நான் அவரைக் கேட்காமலே இன்னொரு கரண்டி சாதம் போட்டேன். அது சட்டப்படி சரியா என்று அன்றைக்கு மட்டும் அவர் கேட்கவில்லை.