கழற்று கண்ணே, கம்பளிச் சட்டையை

உலக நாகரிகத்துக்கு ஐஸ்லாந்து வழங்கிய மாபெரும் கொடை நாடாளுமன்றம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். தவறு. நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டிதான் அது! கழுத்தளவு வெந்நீரில், தலையில் பனி விழ, ஓய்வூதியக்காரர்களாகிய நாங்கள் தீர்த்துவைக்காத பிரச்சினை பூமியில் இல்லை. மீன்பிடி உரிமையோ மேயரின் மூன்றாம் கல்யாணமோ, முடிவு இங்கேதான்.

அப்பேர்ப்பட்ட சபைக்கு இந்தக் குளிர்காலத்தில் ஒரு சோதனை வந்தது. முதியோருக்குத் தண்ணீர்ப் பயிற்சி நடத்தும் ஸ்வாவா, 'கழற்று கண்ணே' என்ற புதுப்பாட்டைப் போட்டுவிட்டாள். முதல் அடியில் தொப்பி கழலும். அடுத்ததில் கையுறை. மூன்றாவதில் கம்பளிச் சட்டை. நாலாவதில் என்ன கழலும் என்று பாட்டு சொல்லாது, "ஊ... ஊ..." என்று இழுக்கும், அவ்வளவுதான். அந்த 'ஊ'வில்தான் ஊர் இரண்டுபட்டது.

எதிரணித் தலைவர் தோர்கிரிமூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்டனக் கூட்டத்தை ஆண்கள் குளிக்கும் அறையில் கூட்டினார். குளத்தில் இறங்குமுன் எல்லோரும் பிறந்தமேனியாக சோப்புப் போட்டே ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே 'முழு வருகை' அங்கேதான் கிடைக்கும். எங்கே தேய்ப்பது என்பதற்குச் சுவரில் ஒரு மனிதப் படம்: தலை, அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம் என்று நாலு சிவப்பு வட்டங்கள். தேய்க்கிறோமா என்று பார்க்கக் கெஸ்தூர் என்ற காவலர்.

"வெக்கக்கேடு!" என்றார் தோர்கிரிமூர், அக்குளில் நுரை பறக்க. "நாலு பேர் முன்னாடி ஒருத்தி சட்டையக் கழட்டுறதா?"

அம்மணமாக நின்ற நாங்கள் அத்தனை பேரும், "அதானே!" என்று கொதித்தோம்.

"மொதல்ல நீ பாதத்தத் தேய்யா," என்றார் கெஸ்தூர். "படத்தப் பாரு."

தொட்டிக்கு வந்தால், எங்களோடு பயிற்சிக்கு வரும் முன்னாள் செவிலி ஹல்பேரா காத்திருந்தார்.

"அந்தப் பாட்டு வந்தப்புறம்தான் என் முட்டி மடங்குது. உங்க தாத்தா பாடின பழம்பாட்டுல கொலை இருக்கு, கள்ளக்காதல் இருக்கு. அதுக்கெல்லாம் நீ குதிக்கலையே தோர்கிரிமூர்?"

"அது இலக்கியம்!"

"அதாவது, மெட்டு யாருக்கும் ஞாபகமில்ல."

விவகாரம் நகராட்சிக்குப் போய்த் தீர்ப்பு வந்தது: சொற்களை நீக்கி, மெட்டு மட்டும் ஒலிக்கலாம். மறுபடி ஒரு சொல் குளத்தில் கேட்டாலும் ஸ்வாவாவின் வேலை போய்விடும். இருதரப்பின் உணர்வையும் மதித்த தீர்ப்பு! அவள் பிழைப்பைத் தவிர எல்லாம் பத்திரம்.

"எனக்கு இந்தச் சம்பளம்தாங்க," என்றாள் ஸ்வாவா. "நான் வெறும் மெட்டத்தான் போடுவேன். தயவுசெஞ்சு யாரும் வாயத் தொறக்காதீங்க."

"எங்களப் பாத்தா வாயத் தொறக்கிறவங்க மாதிரியா இருக்கு?" என்றார் தோர்கிரிமூர். ஹல்பேராவும் தண்ணீரில் அடித்துச் சத்தியம் செய்தார்.

திங்கட்கிழமை மெட்டு கிளம்பியது. தொப்பியின்போது மயான அமைதி. கையுறையில் சில உதடுகள் அசைந்தன. மூன்றாம் அடியில் குளமே, "கழற்று கண்ணே, கம்பளிச் சட்டையை!" என்று முழங்கியது. 'ஊ' வந்தபோது தோர்கிரிமூர் கண்ணை மூடி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி இழுத்த இழுப்பில், கூரை மேலிருந்த கடற்பறவைகள் பறந்தன.

நீச்சல்குள மேலாளர் காப்பிக் கோப்பையோடு ஓடிவந்தார். "யாரு பாடினது?"

பாடாதவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். உதட்டைக் கடித்தபடி, ஒலிப்பெட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

தோர்கிரிமூர் கம்பீரமாக அவளைக் காட்டினார். "அவதான் ஆரம்பிச்சா."

"அதானே!" என்றோம் நாங்கள். ஹல்பேரா தண்ணீருக்குள் தன் முட்டியைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இப்போது ஸ்வாவா இல்லை. பயிற்சி விசில் சத்தத்துக்கு நடக்கிறது. ஊரில் ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது. எங்களைவிடச் சுத்தமான மனிதர்களை உலகில் எங்கும் காட்டமுடியாது: தலை, அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம், எல்லாம் விதிப்படி.

நேற்றுக் குளிக்கப் போனால், கெஸ்தூர் சிவப்புப் பேனாவோடு அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறார். ஐந்தாவதாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

வாயைச் சுற்றி.