இடது கண்ணின் எல்லைத் தகராறு

நில அளவை அலுவலக எழுத்தரின் இடது கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஒரு சிவந்த வீக்கம் எழுந்தது. தொட்டால் உயிர் போனது. கண்ணில் நீர் வடிந்தது; காய்ச்சலும் கூடவே வந்தது. மேற்படி எழுத்தர் மருத்துவமனைக்கு விரைந்தார்.

கண் பிரிவு மருத்துவர் அடிக்கோலை வைத்துப் பார்த்தார். "மூக்குப் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் அதிகமா இருக்கு. மூக்குப் பிரிவுக்குப் போங்க."

மூக்குப் பிரிவில் கேட்டார்கள்: "தண்ணி எதுல வருது?"

"கண்ணுல."

"அப்புறம் இங்க ஏன் வந்தீங்க?"

எழுத்தருக்குக் கோபம் வரவில்லை. எல்லையில் கிடக்கும் நிலத்துக்கு மனுக் கொடுப்பவர்களை இருபது ஆண்டுகளாக அவரும் இப்படித்தான் வடக்குப் பிரிவுக்கும் தெற்குப் பிரிவுக்கும் நடக்கவிட்டிருக்கிறார். நடைமுறை பிசகாமல் இருப்பதில் அவருக்கு ஒரு திருப்திகூட உண்டானது. மூன்றாம் நடையில் கண்ணே திறக்கவில்லை. திருப்தி போய் பயம் வந்தது.

வராந்தாவில் எதிர்ப்பட்ட பயிற்சி மருத்துவர் ஒருத்தி, கையில் அடிக்கோல் இல்லாத குறையால், கண்ணைப் பார்த்தாள்.

"கண்ணீர்ப் பையில சீழ் பிடிச்சிருக்கு. கண்ணீர் மூக்குக்குள்ள இறங்குற குழாய் அடைச்சிருக்கு. எழுதித் தரேன், இன்னைக்கே மாத்திரை ஆரம்பிங்க. இதமா ஒத்தடம் கொடுங்க, பிதுக்கவே கூடாது. வத்தினதும் அடைப்புக்கு ஆபரேஷன் செஞ்சுக்கங்க. விட்டா மறுபடி வரும், கண்ணுக்கே ஆபத்து."

வீக்கம் வற்றியது. நீர் மட்டும் நிற்கவில்லை. அந்தக் கண்ணோடுதான் எழுத்தர் மறுபடி அலுவலகத்தின் வடக்குப் பிரிவுச் சன்னலில் உட்கார்ந்தார்.

"உங்க நிலம் ரெண்டு பிரிவுக்கும் நடுவுல இருக்கும்மா. தெற்குப் பிரிவுக்குப் போங்க," என்றார், கன்னத்தில் நீர் வழிய.

ஆறு மாதமாக நடையாய் நடந்த அந்த அம்மாள் உருகிப்போனாள். "ஐயோ, எனக்காக அழாதீங்க சார். நான் அடுத்த மாசம்கூட வரேன்."

ஒரே வாரத்தில் சன்னலில் கூச்சல் அடங்கியது. மேலதிகாரி 'மனிதநேயச் சேவை' என்று சான்றிதழ் வழங்கினார். மற்ற எழுத்தர்கள் மேசை இழுப்பறையில் வெங்காயம் வைத்துக்கொண்டார்கள்.

ஆபரேஷனுக்குக் கேட்ட விடுப்பு, பொதுநலன் கருதி நிராகரிக்கப்பட்டது.

"அந்த அடைப்பை எடுத்துட்டா ஆபீஸ் என்னய்யா ஆகும்?" என்றார் மேலதிகாரி.

"மறுபடி வீங்குது சார். கண்ணே போயிடும் சார்."

கைகூப்பி நின்ற எழுத்தர், இருபது ஆண்டுகளில் முதன்முறையாக நிஜமாகவே அழுதார். மேலதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்து, கிட்டே வந்து பார்த்தார்.

"அட, இப்ப வலது கண்ணுலயும் வருதே! நாளையிலிருந்து தெற்குப் பிரிவு சன்னலையும் நீங்களே பாத்துக்கங்க."