மூச்சு முட்டிய மெஷின்

"மத்தியானமானா உன் தெருவுல எரிமலை ஏதாவது வெடிக்குதா?" என்று போனில் கேட்டார் பேராசிரியை மிர்த்தா.

ஆய்வு மாணவன் வில்மர் திரையிலிருந்த எண்களை மறுபடி பார்த்தான். பொலிவியாவின் லாபாஸ், மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். காலைப் புகை உச்சி வெயிலில் மேலெழுந்து கலைந்துவிடும் என்பதுதான் அவன் ஆய்வு. மலைச்சரிவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் எலோதியா அம்மாளின் மொட்டைமாடியில் காற்றின் மாசை அளக்க அவன் வைத்த மெஷினோ சரியாக மத்தியானத்தில்தான் எகிறியது. எண்கள் கீழே பல்கலைக்கழகத்துக்கே வந்துவிடுவதால், அவன் கேபிள் காரில் மேலே போவது சாயங்காலம்தான்.

"ஏன் தம்பி, முகம் வாடிக் கெடக்கு?" வேர்க்கடலை சூப்பை நீட்டினாள் எலோதியா.

"மெஷினுக்கு மூச்சு முட்டுதும்மா."

மினிபஸ் சங்கத் தலைவர் கசிமிரோ பதறிவிட்டார். "எங்க வண்டிப் புகையாத்தான் இருக்கும். நாளைக்கே ஸ்டாண்டைக் கீழ்முனைக்கு மாத்திடறோம். எங்க பிள்ளைங்க இருமுதேன்னு அலையறவரு நீங்க. இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

வில்மருக்குக் கண் கலங்கியது. பெற்றவர்கள்கூட அவனுக்கு இவ்வளவு செய்ததில்லை.

மறுநாள் அளவு இரட்டிப்பானது.

"அப்ப என் அடுப்புதான்" என்று எலோதியா தானே பழியை ஏற்று, மத்தியானம் கோழி வறுப்பதை நிறுத்தினாள். வாடிக்கையாளர்கள் ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுத் திட்டினார்கள். அப்படியும் அவள் அடுப்பை மூட்டவில்லை.

அளவு இன்னும் ஏறியது.

மூலையில் காற்று தேங்குகிறதோ என்று வில்மர் மெஷினைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு மாற்றினான். தெருவே வந்து ஏணி பிடித்தது. மறுநாள் மெஷினில் காட்டுவதற்கு எண்ணே மிச்சமில்லை.

"நாளைக்கு மத்தியானம் நானே வரேன்" என்றார் மிர்த்தா. "இதே கதைன்னா மெஷினைக் கழட்டி வேற ஊருக்கு அனுப்பிடுவேன். உன் பட்டமும் அதோட போச்சு."

வில்மர் இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் அவருக்கு முன்பாகவே மேலே போய்ச் சேர்ந்தான். போவதற்கு முன் நன்றியாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது அவனுக்கு. மாடியில் தெருவே கூடியிருந்தது.

"எனக்காக ஸ்டாண்டை மாத்தினீங்க, அடுப்பை அணைச்சீங்க. பட்டம் போனாப் போகட்டும். உங்களை மாதிரி மனுஷங்க எனக்குக் கெடைச்சதே போதும்." என்றான் வில்மர்.

படியில் மிர்த்தா மூச்சு வாங்க ஏறிவருவது கேட்டது. கசிமிரோ அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கலங்காதீங்க தம்பி! மெஷின் நல்லா இருக்கணும்னு வச்ச நாள்லேருந்து மத்தியானமானா பூமித்தாயை வேண்டிக்கிட்டு அது மூக்குக்கு நேரா சாம்பிராணி போட்டுட்டுத்தான் இருக்கோம், நீங்க முகம் வாடும்போதெல்லாம் ஒரு சட்டி கூட்டியும் வச்சோம், இன்னிக்குப் புரொபசரம்மா வராங்கன்னு வீட்டுக்கொரு சட்டி தயாரா இருக்கு!"