செதுனாவைத் தாண்டும் வண்டி

வயால்லா,
மே 14

அன்பும் அதைவிடப் பிடிவாதமும் நிறைந்த மச்சான் லின்ட்ஸேவுக்கு, உன் தங்கை புருஷன் மெர்வ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் க்ளெனிஸும் சுகம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக. அங்கே ப்ரூமில் உன் சுகத்தையும், உன் இரண்டு முழங்கால்களின் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. வண்டி முடிந்துவிட்டது மச்சான்! போன கிறிஸ்துமஸுக்குப் போனில் நீ என்ன சொன்னாய்? "எழுபத்தஞ்சு வயசாகப் போகுது, என் தங்கச்சிய இன்னொரு தடவ கண்ணால பாப்பேனோ என்னவோ" என்றாய். பதினோரு வருஷமாக நீங்கள் பார்த்துக்கொள்ளாததற்குக் காரணம் நான்தான். பிடிமானமில்லாமல் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு போவது மனுஷன் செய்கிற காரியமில்லை, நான் விமானம் ஏறமாட்டேன். அவளோ, "நான் தனியாப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள நீ வீட்டக் கொளுத்திருவ" என்று என்னை விட்டு நகரமாட்டாள். அதனால்தான், "காடுமேடு ஏறுற வண்டி ஒண்ணு வாங்கி, அதுக்குள்ளயே வீடு கட்டி, உன் பிறந்தநாளுக்கு அவள வாசல்ல கொண்டாந்து இறக்குறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு! "மெர்வு, நீ செதுனாவையே தாண்ட மாட்ட" என்றாயே! இங்கிருந்து அரைநாள் ஓட்டத்தில் இருக்கிற ஊர் அது! அந்தச் சிரிப்பு ஐந்து மாதமாக என் காதைவிட்டுப் போகவில்லை.

வாங்கினது சுரங்கத்தில் ஆள் ஏற்றி ஓடின பழைய ட்ரூப்பி, பெட்டி மாதிரி நீண்ட ஜீப். கதவைத் திறந்தால் செம்மண், இருக்கையைத் தட்டினால் செம்மண், ஹீட்டரைப் போட்டால் முகத்தில் செம்மண். க்ளெனிஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: "உள்ள நிமிர்ந்து நின்னு நான் துணி மாத்தணும். குனிஞ்சுக்கிட்டே நாலாயிரம் கிலோமீட்டர் வர நான் என்ன கங்காருவா?" சரியென்று கூரையை வெட்டித் தூக்குகிற மாதிரி கேன்வாஸ் கட்டுவதென்று முடிவெடுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை கட்டிங் மெஷினை வைத்தேன். இந்த ஊரில் ஏழு மாதமாக ஒரு சொட்டு மழையில்லை. நான் கூரையைக் கழற்றிக் கீழே வைத்தேனோ இல்லையோ, கொட்டு கொட்டென்று கொட்டித் தீர்த்தது. வண்டி குளியல்தொட்டி ஆயிற்று. மறுநாள் கோதுமைப் பண்ணைக்காரர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அடுத்த வருஷமும் ஒரு வண்டி வாங்கி வெட்டுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

அத்தோடு விட்டதா? பின்பக்கம் இழுப்பறையில் அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்து, கடற்கரைப் பக்கம் வரிவரியான மண்சாலையில் சோதனை ஓட்டம் போனோம். பூட்டு வைக்க மறந்துவிட்டேன். மேட்டில் ஏறினதும் சமையலறை முழுக்கப் பின்னால் வெளியே வந்துவிட்டது, பின்னால் வந்த தபால் வண்டியின் கண்ணாடியில் ஒரு டஜன் முட்டை. க்ளெனிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துவீட்டு ஐலீன் ஒருத்தி இருக்கிறாளே, சுரங்கத்தில் இருபது வருஷம் ராட்சத லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒல்லிக்குச்சி, அவள் தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மெர்வு, இன்னிக்கி எது விழுந்துச்சு?" என்று கேட்பதைத் தினசரிக் கடமையாகவே வைத்துக்கொண்டாள். கேட்டுவிட்டுப் போகமாட்டாள், உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தும் பார்ப்பாள்.

கடைசியில் எல்லாம் முடிந்து, தண்ணீர், டீசல் நிரப்பி, போன வாரம் தானியக் கிடங்கு லாரி எடைமேடையில் ஏற்றினேன். இந்த வண்டி ஆளோடு சேர்த்து மூவாயிரத்து முந்நூறு கிலோவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். எடைமேடைக்காரன் ரஸ் ஜன்னலிலிருந்து கத்தினான், "மெர்வு, நீ உள்ள இருக்கியா, இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேன்."

"க்ளெனிஸு?"

"அவளும் இறங்கிட்டா."

"அப்படின்னா மூவாயிரத்து நூத்தியெண்பது. நூத்திருபது கிலோதான் பாக்கி. யாரு வரப் போறீங்க, நீயா அவளா?"

நான் நூற்றுப்பன்னிரண்டு, அவள் அறுபத்தொன்று. ஐம்பத்துமூன்று கிலோ அதிகம். ஆனால் எதை எடுப்பது சொல்? இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அப்பாவின் பட்டறை பெஞ்ச் வைஸ் முப்பத்தோரு கிலோ. நட்டநடு நல்லார்பார் பொட்டல்வெளியில் எதையாவது இறுக்கிப் பிடிக்கவேண்டி வந்தால்? வார்ப்பிரும்புச் சட்டி மூன்று. ரொட்டிக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. ஸ்டெப்னி இரண்டு. மூன்று நாள் யோசித்து க்ளெனிஸின் தலையணையையும் குடையையும் எடுத்தேன், இரண்டு கிலோ குறைந்தது. அவள் என்னை ஏறஇறங்கப் பார்த்தாள். "உன் சாமான் ஒண்ணுகூட இறங்காதா?" என்றாள். "எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தானம்மா" என்றேன். தலையணையைப் பிடுங்கித் திரும்ப உள்ளே போட்டாள். "சரி, எடையக் குறைக்கிற வேலைய எங்கிட்ட விடு" என்றாள். எப்பேர்ப்பட்ட மனுஷி பார்! நானும் நிம்மதியாகக் கூரைக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே மச்சான், வாசலைப் பெருக்கி வை. ஜூன் முதல் வாரம் உன் தங்கையை நானே கொண்டுவந்து இறக்குவேன், நீ உன் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வாய். உன் முழங்கால்கள் வலியின்றி மடங்கவும், உன் தூண்டிலில் நாளும் பெரிய மீனாக விழவும் வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு மைத்துனன்,
மெர்வ் ஹாட்ரில்

பி.கு.: முந்தாநாள் இதை எழுதி முடித்து ஸ்டாம்ப் வாங்கப் போய்விட்டு வந்தேன். வாசலில் வண்டியைக் காணோம். ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டியிருந்தது: "எடை குறைச்சாச்சு. நான் அறுபத்தொண்ணு, ஐலீன் அம்பத்திரெண்டு, ஏழு கிலோ மிச்சமே இருக்கு. உன் வைஸு, சட்டி எதையும் தொடல. விமான டிக்கெட் மேசை மேல. ஜன்னல் சீட் வேண்டாம்னு சொல்லிட்டேன். அடுப்பத் தொடாத." நேற்று சாயங்காலம் க்ளெனிஸிடமிருந்து போன் வந்தது. "மெர்வு, செதுனா தாண்டியாச்சு! இங்க நல்ல மழ. கூரை ஒரு சொட்டு ஒழுகல. நிமிர்ந்து நின்னுக்கிட்டுதான் பேசுறேன்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். செதுனாவைத் தாண்டினது நான் கட்டின வண்டி, ஆகவே பந்தயத்தில் ஜெயித்தது நான்தான், அதை மறக்காதே. ஜூன் மூன்றாம் தேதி விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. கண்ணை மூடிக்கொண்டு வருகிறவன் நான்தான்.